போத்தலிற் கிடக்கும் பாடம்

எமது கல்லூரி அன்னையின் விழா மலருக்கு யாதேனும் எழுதுமாறு மலர்க் குழுவினர் பணித்தபோது, பழைய மாணவர் வழக்கமாக எழுதும் பொருள்கள் பல எம் மனக்கண்முன் தோன்றின. துடுப்பாட்டப் போட்டிகள், விடுதி வாழ்க்கை, பிரம்பு தாங்கிய அதிபர்கள் ஆகியோரைப் பற்றி எம்மினும் வல்லார் இம்மலரில் எழுதியிருப்பர் என்பது திண்ணம். ஆதலின் யாம் ஒரு போத்தலைப் பற்றி எழுதத் துணிந்தோம்.

1970களின் நடுப்பகுதியில் யாம் உயர்தர வகுப்பில் விலங்கியல் பயின்றோம். ஆய்வுகூடத்துக் கண்ணாடி அலுமாரியின் மேற்றட்டில் ஏறத்தாழ ஒன்றரை அடி உயரமான போத்தல் ஒன்று நின்றது. மங்கிய மஞ்சள் நிறத் திரவத்துள், வால் கீழாகவும் தலை மேலாகவும், பாம்பு போன்ற ஓர் உயிரினத்தின் உடல் கிடந்தது. மையெழுத்து அழிந்த ஒரு கடதாசித் துண்டு அதன் பெயரை ஆங்கிலத்திற் கூறியது. அதனை வாசிக்க எவரும் முயன்றதில்லை. எம்முட் பெரும்பாலோர் அதனை விலாங்கு என்றனர். தீவுப் பகுதியிலிருந்து வந்த நண்பர் ஒருவர் அஞ்சாளை என்று சாதித்தார்.

ஒருநாள் ஆசிரியர் அதனை இடுக்கியால் வெளியே எடுத்து, நீரிற் பலமுறை கழுவி, தட்டத்தில் வளர்த்தினார். பின்னர் அந்தத் தீவுப்பகுதி நண்பரை அழைத்து, அதன் வாயைத் திறக்குமாறு பணித்தார். நண்பரோ மீனின் வாயைத் திறந்து தூண்டிலைக் கழற்றுவதிற் கைதேர்ந்தவர். கட்டைவிரலால் இப்புறமும் அப்புறமும் தடவிப் பார்த்துவிட்டு, "திறக்கிறதுக்குத் தாடையைக் காணேல்லை, சேர்," என்றார். "அதுதான் இன்றைய பாடம்," என்று கூறி ஆசிரியர் கதிரையில் அமர்ந்துவிட்டார்.

அவ்வுயிரினத்தின் பெயர் இலாம்பிரே. விலங்கியலார் அதன் ஒரு சாதியைப் பெற்றோமைசொன் என்பர். கிரேக்க மொழியிற் கல்லுறிஞ்சி என்பது அதன் பொருள். ஆற்றிலே கல்லைக் கவ்விக்கொண்டு நீரோட்டத்தை எதிர்த்து நிற்கும் வழக்கத்தால் அப்பெயர் வந்தது. விலாங்கைப் போன்ற தோற்றமுடையதாயினும் விலாங்குக்கும் அதற்கும் உள்ள தூரம், விலாங்குக்கும் எமக்கும் உள்ள தூரத்தினும் பெரிது. விலாங்குக்குத் தாடை உண்டு, எமக்கும் உண்டு, இதற்கு இல்லை. வட்டமான ஓர் உறிஞ்சுவாயும், அதனுள் வளையம் வளையமாகக் கொம்புப் பொருளாலாய பற்களும், அரம் போன்ற நாவுமே உள்ளன. சோடியான செட்டைகள் இல்லை, செதில்கள் இல்லை. நாசித்துவாரம் ஒன்றே; அதுவும் தலையின் உச்சியில் அமைந்துள்ளது. எமது உட்செவியில் அரைவட்டக் கால்வாய்கள் மூன்று, இதற்கு இரண்டே. எமக்கு முளையப் பருவத்திலேயே முள்ளந்தண்டுக்கு இடங்கொடுத்து ஒடுங்கிவிடும் முண்ணாண், இதற்கு வாழ்நாள் முழுவதும் உடலைத் தாங்கும் கோலாய் நிலைத்து நிற்கின்றது.

பக்கத்துக்கு ஏழாக அமைந்த பூத்துவாரங்களை நோக்குவோமாக. எம் தாய்மார் சந்தையில் மீன் வாங்கும்போது மூடியை உயர்த்திப் பூ சிவந்திருக்கின்றதா என்று பார்ப்பர். இலாம்பிரேக்கு அத்தகைய மூடி இல்லை. புல்லாங்குழலின் துளைகள் போல ஏழும் வெளியே தெரியும். ஏனைய மீன்கள் வாயால் நீரை உட்கொண்டு பூக்களின் வழியே வெளிவிடும். இலாம்பிரே வேறொரு மீனின் உடலில் வாயைப் பதித்துக் குருதியை உறிஞ்சிக்கொண்டிருக்கும்போது, வாயால் எவ்வாறு சுவாசிக்கும்? அந்த ஏழு துளைகள் வழியாகவே நீர் உட்புகும். அவற்றின் வழியாகவே வெளியேறும். வாழும் முறைக்கும் உடலின் அமைப்புக்கும் உள்ள உறவை மாணவனுக்கு உணர்த்த இதனினும் சிறந்த எடுத்துக்காட்டை யாம் அறியோம்.

தென்னாபிரிக்காவில் கண்டெடுக்கப்பெற்று 2006இல் விவரிக்கப்பட்ட இலாம்பிரே உயிர்ச்சுவடு ஒன்று ஏறத்தாழ 36 கோடி ஆண்டு பழைமையுடையது. அதிலும் இதே வட்டவாய் உண்டு. தாடை தோன்றுமுன்னர் முள்ளந்தண்டுளிகளின் நிலை எத்தகையது என வினாவும் விஞ்ஞானி இன்றும் இதனிடமே செல்கின்றான். மனத்தின் ஆழங்களை ஆராய்ந்து உலகப் புகழ்பெற்ற சிக்மண்ட் பிராய்ட் இளைஞனாக வியன்னாவிற் பயின்றபோது, 1877இலும் 1878இலும் வெளியிட்ட கட்டுரைகள் இலாம்பிரேயின் முண்ணாணைப் பற்றியனவல்ல. அதன் மேலே செல்லும் நரம்பு வடத்தைப் பற்றியன. இதன் குடம்பியின் வரலாறும் சுவையானது. ஆற்றுச் சேற்றிற் புதைந்து பல ஆண்டு வாழும் அக்குடம்பியை வேறோர் உயிரினம் என்றே பலகாலம் கருதினர். அது இலாம்பிரேயின் இளம்பருவமே என்பதை 1856இல் ஒகஸ்ற் முல்லர் காட்டினார். அக்குடம்பியின் தொண்டையடியில் உணவைச் சளியாற் பிடிக்கும் சுரப்பிப் பள்ளம் ஒன்றுண்டு. அது வளர்ந்தபின் தைரொயிட்டுச் சுரப்பியாக மாறுகின்றது. எமது கழுத்திலுள்ள சுரப்பியின் பழங்கதையை ஒரு சேற்றுப் புழு கூறுகின்றது என்றால் வியப்பன்றோ!

இத்துணைச் சிறப்புடைய உயிரினம் எம் கடலில் இல்லை. இலாம்பிரே குளிர்நாட்டு நீர்நிலைகளுக்கு உரியது. பாசையூரிலோ, குருநகரிலோ, பருத்தித்துறையிலோ எவ்வளவு காலம் வலை வீசினும் அகப்படாது. ஆயினும் விலங்கியல் நூல்கள் முள்ளந்தண்டுளிகளின் கதையை இதிலிருந்தே தொடங்குகின்றன. மாணவனும் வட்டவாய், ஏழு பூத்துவாரம், ஒற்றை நாசி என்று நெட்டுருப்பண்ணுகின்றான். காணாத ஊருக்கு வழி சொல்வது போன்றது இக்கல்வி. பரீட்சையில் அவன் வரையும் இலாம்பிரேயை உற்றுநோக்கின், அது வட்டவாய் ஒட்டிய விலாங்காகவே இருக்கும்.

படம் போதாதா என்று சிலர் வினவுவர். இக்காலத்து மாணவன் கைத்தொலைபேசித் திரையில் இலாம்பிரே நீந்துவதையும் கல்லைக் கவ்வுவதையும் காண்கின்றான். முப்பரிமாணப் படத்தை விரலாற் சுழற்றி உள்ளுறுப்புகளைக் காண்கின்றான். இவ்வசதிகள் எம் காலத்தில் இல்லை. இவற்றை இகழ்வது பேதைமை. உயிருள்ள இலாம்பிரேயின் இயக்கத்தைப் போத்தல் ஒருபோதும் காட்டாது. ஆனால், படம் வரைந்தவன் எதைக் காட்ட விரும்பினானோ அதையே படம் காட்டும். உள்ளதைக் காட்டுவதில் அது வல்லது. இல்லாமையைக் காட்டுவதில் வல்லதன்று. தாடை இருக்கும் என்று நம்பித் தேடிச் சென்ற விரல், அங்கே அஃது இல்லை என்று கண்டு திகைத்ததே, அந்தத் திகைப்பே அறிவின் தொடக்கம். அத்திகைப்பைத் திரை தரமாட்டாது. இது எமது துணிபு.

கையாற் கண்டறியும் இக்கல்வி எம் தீபகற்பத்துக்குப் புதியதன்று. மானிப்பாயில் மருத்துவப் பணி புரிந்த அமெரிக்கரான சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822இற் பிறந்தவர். எம் நாவலர் பெருமானும் அதே ஆண்டிற் பிறந்தார் என்பது நினைவுகூரத்தக்கது. கிறீன் 1847இல் இங்கு வந்து, அடுத்த ஆண்டே மருத்துவம் கற்பிக்கத் தொடங்கி, அறுபதுக்கு மேற்பட்ட தமிழ் மருத்துவர்களைப் பயிற்றினார். பின்னாளில் தமிழிலேயே பயிற்றினார். 'இரணவைத்தியம்' 1867இலும் 'மனுஷ அங்காதிபாதம்' 1872இலும் வெளிவந்தன. உடற்கூற்றியலுக்கு அங்காதிபாதம் என்னும் அழகிய பெயர் வழங்கிய காலம் அது. சமயத்தில் அவரும் எம் முன்னோரும் எதிரெதிர் நின்றவர்களே. எனினும், உடம்பின் உண்மையைத் தமிழிற் கூறமுடியும் என்று அவர் காட்டியதை எவரும் மறுக்கார். முண்ணாண், குடம்பி, கூர்ப்பு, நுணுக்குக்காட்டி என்று நாம் இன்று தயக்கமின்றி வழங்கும் சொற்கள் அவ்வழியிற் பின்வந்த அறிஞர் எமக்கு ஆக்கித் தந்தவை. சொல் கிடைத்துவிட்டது. அச்சொல் சுட்டும் பொருள் அலுமாரியில் இருக்கின்றதா என்பதே இப்போதைய வினா.

அந்தப் போத்தல் என்னவாயிற்று என்று வாசகர் அறிய விரும்புவர். அதனைக் கூற எமக்கு நாணமாக இருக்கின்றது. உயர்தர வகுப்பின் இரண்டாம் ஆண்டில், மாதிரிகளின் திரவம் குறையுந்தோறும் நிரப்பும் பொறுப்பு எமக்கும் இன்னும் இருவருக்கும் ஒப்படைக்கப்பட்டது. பரீட்சை நெருங்கிற்று, நாம் மறந்தோம். மூடியின் ஓரத்தில் பூசிய மெழுகு வெடித்திருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. வெப்ப காலத்தில் மதுசாரம் ஆவியாகிவிட்டது. விடுமுறை முடிந்து திரும்பியபோது இலாம்பிரேயின் தலையும் ஏழு துளைகளும் திரவத்துக்கு மேலே உலர்ந்து, சுருங்கி, கருவாடாய்க் கிடந்தன. ஆசிரியர் எம்மை ஏசவில்லை. போத்தலைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். அவர் ஏசியிருந்தால் யாம் இக்கட்டுரையை எழுதியிருக்கமாட்டோம் போலும்.

பின்னர் வந்த ஆண்டுகள் தீபகற்பத்தின் ஆய்வுகூடங்களுக்கு எமது மறதியினும் கொடியனவாயின. 1990இன் பின்னர் தீபகற்பத்துக்குப் பொருள்கள் வருவது பெரிதும் கட்டுப்படுத்தப்பட்டது. 1995 ஒற்றோபர் இறுதியில் வலிகாமமே ஓரிரவிற் பெயர்ந்தது. குழந்தைகளையும் முதியோரையும் சுமந்து சென்றோர் போத்தல்களைச் சுமக்க முடியுமா? 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது அழிந்த நூல்கள் ஏறத்தாழ 97,000. அத்துயரை உலகம் அறியும். இன்றும் நாம் அதனைச் சொல்லி வருந்துகின்றோம். மாதிரி அலுமாரியின் அழிவுக்கோ தீயும் இல்லை, புகையும் இல்லை. திரவம் வற்றும், தோல் சுருங்கும், பெயர்ச்சீட்டு உதிரும், ஒருநாள் குப்பையாகக் கொட்டப்படும். அழுவார் எவரும் இலர்.

இனி, சைவ மரபில் நின்ற கல்லூரிக்கு இது தகுமா என்று வினவும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. செத்த பிராணியைப் போத்தலில் வைத்துக் காட்சிப்படுத்துவது கொல்லாமை அறத்துக்கு ஒவ்வாது என்பர் அவர். இதனை யாம் எளிதிற் புறந்தள்ளமாட்டோம். உயர்தர மாணவர் ஒவ்வொருவரும் தமக்கென ஒரு தவளையையோ எலியையோ பெற்று அறுத்து, மாலையிற் குழிதோண்டிப் புதைத்த காலத்தை யாம் அறிவோம். அக்காட்சி எமக்கும் உவப்பன்று. இந்தியாவின் பல்கலைக்கழக மானியக் குழுவும் விலங்குகளை அறுத்துப் பயில்வதைப் படிப்படியாகக் குறைக்க 2011இல் வழிகாட்டல் வெளியிட்டு, 2014இல் அதனை நிறுத்தும் திசையிற் சென்றது. ஆனால், போத்தலில் உள்ள மாதிரி அதற்கு மாறானது. ஓர் உடல், முறையாகப் பேணப்படின், நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு மாணவர்க்குப் பாடம் சொல்லும். ஒரு மாதிரியைக் காப்பது பல உயிர்களைக் காப்பதாகும். அதனைக் கவனியாது உலரவிட்டு, மீண்டும் ஒன்றை வாங்குவதே கொலைக்கு நெருங்கிய செயல். எம் மறதியை இவ்வாறே யாம் இன்று எண்ணுகின்றோம்.

மாணவரின் நலமும் நோக்கத்தக்கது. போமலின் உடலைக் கெடாது பதப்படுத்தும் என்பதை 1893இல் பேர்டினண்ட் புளும் கண்டறிந்தார். அன்று முதல் உலகத்து ஆய்வுகூடங்கள் யாவும் அதன் மணத்தால் நிறைந்தன. நாமும் கண்ணீர் வழிய அதனுள் கையிட்டோம். அதனை வீரமாகவும் கருதினோம். போமலினில் உள்ள போமல்டிகைட்டு மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004இல் வகைப்படுத்தியது. ஆகையால், போமலினிற் பதப்படுத்திய உடலை நீரில் நன்கு கழுவி ஊறவைத்து, பின்னர் நூற்றுக்கு எழுபது பங்கு மதுசாரத்தில் வைப்பதே நன்று. கையுறை அணிதல், சாளரங்களைத் திறந்துவைத்தல், மதுசாரம் தீப்பற்றுமாதலின் விளக்கடுப்பை அருகே கொண்டுவராமை ஆகிய ஒழுக்கங்களை முதல் நாளிலேயே கற்பித்தல் வேண்டும்.

இலாம்பிரேயின் புகழைப் பாடுவதால் எம் கடலின் செல்வத்தை யாம் மறந்தோமென எண்ணற்க. ஒரு தனிப் போத்தல் புதுமைப் பொருளாகவே நிற்கும்; பக்கத்தில் ஒப்பிடத்தக்கவை இருந்தாற்றான் அது பாடமாகும். இடப்பக்கத்தில் அதனினும் எளிய அம்பியொக்சஸ் நிற்கவேண்டும். மணலிற் புதைந்து வாழும் அச்சிற்றுயிர்களை இலங்கைக் கடல்களிற் பேராசிரியர் ஹேர்ட்மன் 1902இற் சேகரித்தார்; முத்துச் சிப்பி வளம் பற்றிய அவரது பெருநூலில் அவை விவரிக்கப்பட்டுள்ளன. அம்பியொக்சஸும் முள்ளந்தண்டுளிகளின் முன்னோரும் பற்றி 1894இல் நூல் எழுதிய ஆதர் வில்லி, 1902 முதல் 1910 வரை கொழும்பு நூதனசாலையின் பணிப்பாளராக விளங்கியவரே. வலப்பக்கத்தில் சுறாவும் திருக்கையும் நிற்கட்டும். எம் வீடுகளிற் சுறா வறைக்கு அவிக்கும்போது எலும்புக்குப் பதிலாகக் கசியிழையம் இருப்பதை அறியாதார் யார்? அதன் பின்னர் அஞ்சாளையும் விலாங்கும் வரட்டும். தாடையின்மை, தாடை, கசியிழையம், என்பு என்று ஒரு தட்டிலேயே கூர்ப்பின் படிகளை மாணவன் நடந்து செல்வான். இவற்றுக்காக எவ்வுயிரையும் கொல்லவேண்டியதில்லை. விடியற் சந்தையில் இறந்து கிடப்பனவற்றுட் சிறியதொன்றை வாங்கினாற் போதும். சட்டத்தாற் காக்கப்பட்ட சுறா இனங்களை மட்டும் தவிர்த்தல் வேண்டும்.

இலாம்பிரேக்கு எங்குச் செல்வது? இங்கேதான் காலம் எமக்கொரு வேடிக்கை செய்திருக்கின்றது. எம் பழைய மாணவருட் பெருந்தொகையினர் இன்று கனடாவில், ரொறன்ரோ நகரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழ்கின்றனர். அந்நகரின் வாயிலில் உள்ளது ஒன்ராறியோ ஏரி. கடல் இலாம்பிரே அவ்வேரியில் 1835இலேயே குறிக்கப்பட்டது. நயாகரா நீர்வீழ்ச்சி அதனை மேலே செல்லவிடாது தடுத்து நின்றது. கப்பல்களுக்காக வெட்டிய வெலண்ட் கால்வாய் அத்தடையைச் சுற்றி வழி திறந்தது. 1921இல் ஈரி ஏரியிற் காணப்பட்ட அது, 1930களின் இறுதிக்குள் மேலேரிகள் அனைத்துக்கும் பரவி, அங்குள்ள மீன்பிடித் தொழிலையே குலைத்தது. ஒரு கடல் இலாம்பிரே தன் வாழ்நாளில் ஏறத்தாழ 18 கிலோகிராம் மீனை அழிக்கவல்லது என்பர். 1955 முதல் கனடாவும் அமெரிக்காவும் ஆணைக்குழு ஒன்றின் வழியாகச் சேர்ந்து அதனைக் கட்டுப்படுத்தி வருகின்றன. ஆயிரக்கணக்கான இரசாயனங்களைச் சோதித்து, குடம்பிகளைக் கொல்லும் ஒன்றைத் தேர்ந்து, 1958 முதல் ஆறுகளில் இட்டு வருகின்றனர், பொறிவைத்தும் பிடிக்கின்றனர். அங்கே எவ்வாறாயினும் கொல்லப்படும் உயிர் அது. அவ்வாறு பிடிபட்டதன் உடலொன்று இங்கே ஒரு தலைமுறைக்கு ஆசிரியராகுமாயின், அது வீண்போன உயிராகாது.

எனவே ரொறன்ரோ வாழ் பழைய மாணவருக்கு யாம் விடுக்கும் வேண்டுகோள் இது. நீங்கள் கல்லூரிக்கு அனுப்பும் நிதியில் வளைவுகளும் பெயர்க்கல்லுகளும் எழுகின்றன. அவற்றையும் யாம் பழிக்கவில்லை. அவற்றோடு, கல்வி நிலையங்களுக்கு மாதிரிகள் வழங்கும் முறையான விற்பனையாளரிடமிருந்து மூன்று இலாம்பிரேக்களை, இரு நாட்டுச் சுங்க விதிகளுக்கும் அமைய, வாங்கி அனுப்புங்கள். ஒன்று முழுதாக இருக்கட்டும். ஒன்று தலை முதல் வால் வரை நெடுக்காகப் பிளந்ததாக இருக்கட்டும். ஒன்று, நாடிகளிற் சிவப்பும் நாளங்களில் நீலமும் ஊட்டப்பெற்றதாக இருக்கட்டும். குடம்பியின் நுணுக்குக்காட்டி வழுக்கிகளும் சிலவற்றைச் சேர்த்து அனுப்பின் நன்றி பெரிதாகும். அவற்றை எம் கல்லூரி மட்டும் பூட்டி வைத்தல் தகாது. அயற் பாடசாலை மாணவரும் நாள் குறித்து வந்து காண வழி செய்தல் வேண்டும்.

இங்குள்ள எமக்குரிய கடமை இன்னும் சிறியது, ஆயினும் கடினமானது. ஒவ்வொரு போத்தலிலும் உயிரினத்தின் பெயர், கிடைத்த இடம், நாள் ஆகியவற்றைத் தெளிந்த தமிழில், அழியா மையில் எழுதி, ஒரு சீட்டைப் போத்தலின் உள்ளேயும் இடல் வேண்டும். மாதிரிகளுக்கென ஒரு பதிவேடு வேண்டும். பழைய மாணவர் சங்கம் ஆண்டுதோறும் ஒரு சிறு தொகையை மதுசாரத்துக்கும் மூடிகளுக்கும் என்றே ஒதுக்கல் வேண்டும். தவணை தொடங்கும் நாளில் மாணவர் மூவர் அலுமாரியைத் திறந்து, ஒவ்வொரு போத்தலின் திரவ மட்டத்தையும் பார்த்துப் பதிவேட்டிற் கையொப்பமிடல் வேண்டும். பரீட்சை நெருங்கும் தவணையிலும் இது தவறலாகாது. அத்தவணையிற்றான் மறதி வரும் என்பதை யாம் பட்டு அறிந்தோம்.

கட்டடம் கட்டியவன் பெயர் கல்லில் நிற்கும். போத்தலில் மதுசாரம் ஊற்றியவன் பெயரோ ஒரு பதிவேட்டின் பழுப்பேறிய தாளில் மட்டுமே நிற்கும். அத்தாளில் எம் பெயர் இல்லாத ஒரு தவணை உண்டு. இனி வரும் மாணவர்க்கு அக்குறை நேராதிருப்பதாக. கல்லூரி அன்னை நீடு வாழ்க!